ரிப்பனை இழுக்காதீர்கள்! – தையல் டீச்சர் பதில்கள்

மீந்த துணியில் குட்டித் தலையணை தைப்பது பற்றிப் போன இதழில் எழுதினேன். கடைசியில், 'சுற்றிலும் ரிப்பன் வைத்துத் தைத்தால் இன்னும் எடுப்பாக இருக்கும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எப்படி வைப்பது என்று சொல்லாமல் விட்டது என் தப்பு. அதனால் இந்த இதழ் முழுக்க ரிப்பன்தான்.

திண்டுக்கல் வாசகி: சுங்குடிச் சேலையில் மீந்த துணியில் 12 இஞ்சு சதுரத் தலையணை தைத்தேன். மேல்பக்கத்தில் ஒரு இஞ்சு அகல சாடின் ரிப்பனைப் படச் சட்டம் மாதிரி சுற்றி வைத்தேன். தைத்த அன்றே ரிப்பன் லேசாக நெளிந்தது. ஒரு தடவை அலசியதும் பொரித்த அப்பளம் போல ஆகிவிட்டது. நாலு மூலையும் தடித்துக்கொண்டு நிற்கிறது. எங்கே தப்பு?

தலையணையைப் பார்க்காமலே சொல்கிறேன், துணியை நனைக்காமல் தைத்திருக்கிறீர்கள். சுங்குடி பருத்தி, முதல் நனைப்பில் சுருங்கும். சாடின் ரிப்பன் பாலியஸ்டர், அது சுருங்காது. 10 இஞ்சு நீளத்தில் துணி கால் இஞ்சு சுருங்கினாலே போதும், அந்தக் கால் இஞ்சு ரிப்பன் எங்கே போகும்? மேலே எழும்பி நெளியத்தான் செய்யும். இனி வெட்டுவதற்கு முன்னால் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். சுங்குடியில் இன்னொரு வம்பும் உண்டு. சிவப்பும் நீலமும் சாயம் விடும். நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறாமல் இருக்கும் வரை தனியாக அலசிய பிறகுதான் வெள்ளை ரிப்பன் பக்கம் போக வேண்டும்.

ஆனால் தைத்த அன்றே நெளிந்தது என்கிறீர்களே, அதற்குச் சுருக்கம் காரணம் இல்லை. அது மெஷினின் வேலை. ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை ஃபுட் என்போம். அதைத் தூக்கிவிட்டு அடியில் பாருங்கள், சின்னப் பல் வரிசை தெரியும். அந்தப் பல் கீழே இருக்கும் துணியைத்தான் பிடித்து நகர்த்தும். மேலே இருக்கும் ரிப்பனை ஃபுட் அழுத்தி லேசாகத் தடுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தையலிலும் துணி ஒரு மயிரிழை முந்தும், ரிப்பன் ஒரு மயிரிழை பிந்தும். ஒரு பக்கம் தைத்து முடிப்பதற்குள் ஊசிக்கு முன்னால் ரிப்பன் ஒரு சின்ன மேடாகத் தள்ளிக்கொண்டு வரும். அந்த மேட்டைப் பார்த்ததும் எல்லோரும் என்ன செய்கிறோம்? ரிப்பனைப் பிடித்து இழுக்கிறோம். இழுத்த இடத்தில் ரிப்பன் விறைக்க, அடியில் துணி சுருங்க, அடுத்த இடத்தில் மறுபடி மேடு. என்னிடம் படிக்க வந்த பிள்ளைகளிடம் நான் ரிப்பன் விஷயத்தில் அதிகம் சொன்ன வார்த்தை 'இழுக்காதே' என்பதுதான்.

இதற்கு மருந்து, தைப்பதற்கு முன்னால் ரிப்பனைத் துணியோடு கையால் ஓட்டுத் தையல் போட்டுக் கட்டிவிடுவது. அரை இஞ்சு நீளத் தையல், வேறு நிற நூல், ரிப்பனின் ஓரத்தை ஒட்டி. மெஷின் தையல் முடிந்ததும் உருவி எடுத்துவிடலாம். 'அதுக்கெல்லாம் நேரம் ஏது டீச்சர்' என்பவர்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையில் இருக்கும் பசைக் குச்சியால் ரெண்டு இஞ்சுக்கு ஒரு பொட்டு வைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். துவைத்தால் போய்விடும். சாடினில் குண்டூசி மட்டும் நடுவில் குத்தாதீர்கள், ஓட்டை அப்படியே நிற்கும்.

இன்னொன்று, இதைப் பலபேர் கவனிப்பதில்லை. ரிப்பனுக்கு ரெண்டு ஓரம். வெளி ஓரத்தை மேலிருந்து கீழே தைத்துவிட்டு, அப்படியே திருப்பி உள் ஓரத்தைக் கீழிருந்து மேலே தைத்தால், ஒரு ஓரம் ஒரு பக்கமாகவும் மறு ஓரம் எதிர்ப்பக்கமாகவும் நகர்ந்திருக்கும். ரிப்பன் முழுக்கச் சாய்வாகக் கோடு கோடாய்ச் சுருக்கம் விழும். ரெண்டு ஓரத்தையும் ஒரே மூலையில் ஆரம்பித்து, ஒரே திசையில் தையுங்கள். நூலைக் கூடுதலாக ஒரு தடவை அறுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இப்போது மூலை. நீங்கள் மூலைக்கு மூலை ரிப்பனை வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்திருப்பீர்கள், அதனால்தான் தடிப்பு. வெட்டவே வேண்டாம். 13 இஞ்சு சதுரமாக வெட்டிய துணியில், விளிம்பிலிருந்து ஒன்றரை இஞ்சு உள்ளே சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 10 இஞ்சு சதுரம் கிடைக்கும். ரிப்பனின் வெளி ஓரம் அந்தக் கோட்டின் மேல் உட்காரட்டும். கோட்டோடு தைத்துக்கொண்டு போய் மூலைப் புள்ளியில் நிறுத்தி நூலை அறுத்துவிடுங்கள். வந்த வழியே ரிப்பனை அப்படியே திருப்பி மடக்குங்கள். மடிப்பு அடுத்த பக்கத்துக் கோட்டின் மேல் சரியாக விழ வேண்டும். விரல் நகத்தால் நன்றாக அழுத்துங்கள். வெளி மூலையிலிருந்து உள் மூலைக்குச் சாய்வாக, ரெண்டு மடிப்பையும் அடியில் இருக்கும் துணியையும் சேர்த்து ஒரு தையல். இப்போது மேல் மடிப்பைப் பிடித்து அடுத்த பக்கமாகத் திருப்புங்கள். ஜன்னல் சட்டத்தின் மூலையில் ரெண்டு மரமும் சாய்வாகச் சேருமே, அதே மாதிரி வந்துவிடும். முதல் தடவை செய்யும்போது 'இதென்ன, எதிர்ப்பக்கம் மடக்கச் சொல்கிறாள்' என்று தோன்றும். பழைய ரிப்பன் ஒரு முழம் எடுத்து, செய்தித்தாள் மேல் வைத்து ஒரு தடவை மடக்கிப் பார்த்துவிடுங்கள். கை பழகிவிடும்.

ஆரம்பிக்கும் மூலையில் ஒரு இஞ்சு கூடுதலாக விட்டுத் தொடங்குங்கள். சுற்றி வந்து சேரும்போது முனையைச் சாய்வாக உள்ளே மடித்து, அந்த ஒரு இஞ்சை மட்டும் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். மொத்தம் 42 இஞ்சு ரிப்பன் வேண்டும். ஒன்றேகால் மீட்டர் வாங்கினால் பயம் இல்லை. இதெல்லாம் முன்பக்கத் துணி தனியாக, தட்டையாக இருக்கும்போதே முடிய வேண்டும். பஞ்சு அடைத்த தலையணை மேல் ரிப்பன் தைக்கப் போனால் யாருக்கும் நேராக வராது.

இப்போது தைத்ததைப் பிரிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரிக்கலாம், ஆனால் ரிப்பன் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாடினில் ஊசித் தடம் மறையாது. சுங்குடி தப்பிக்கும். தண்ணீர் தெளித்து நகத்தால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்தால் ஓட்டை அடைபடும்.

விருதுநகர் வாசகி: எந்த ரிப்பன் நல்லது? கடையில் போய் நின்றால் தலை சுற்றுகிறது.

எனக்கும் சுற்றும், அந்தச் சுற்றல் பிடிக்கும். மதுரையில் மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில்தான் நான் ரிப்பன் வாங்கப் பழகினேன். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். ஒரு தூணில் யாளி, அடுத்த தூணில் லேஸ் சுருள்கள் தொங்கும். நடுவில் வரிசையாகத் தையல்காரர்கள். ஒரு கடையில் ரிப்பன், அடுத்ததில் பாபின், அதற்கடுத்ததில் வளையல். இப்போது கடைகள் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபத்துக்கு நல்லதுதான். ஆனாலும் அந்தக் கல் தரையின் குளிர்ச்சியில் நின்று ரிப்பன் பார்த்தது போல வராது.

சரி, கேள்விக்கு வருகிறேன். முதன்முதலாகத் தைப்பவர்கள் சாடினை விட்டுவிடுங்கள். குறுக்கே மெல்லிய வரி வரியாக மேடு தெரியும் ரிப்பன் ஒன்று உண்டு, விரலால் தடவினால் நரநரவென்று இருக்கும். அது வழுக்காது, குண்டூசித் தடம் தெரியாது, மடித்த மடிப்பு நிற்கும். கை பழகிய பிறகு சாடின். ஆர்கன்சா கண்ணாடி மாதிரி மெல்லியது, சுருக்கிச் சுருக்கி ஓரத்தில் வைக்கும் பிரில்லுக்கு அழகு. ஆனால் நூல் பிரியும். வெல்வெட்டைத் தலையணை ஓரத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நம் ஊர்த் தூசி முழுக்க அதில்தான் உட்காரும்.

வட்டத் தலையணைக்கு எதை வைப்பது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ரிப்பன் நேராக நெய்தது, வளைவுக்கு வளையாது. வளைத்தால் உள் ஓரம் சுருங்கும். வளைவுக்குப் பாம்பு மாதிரி நெளியும் ஜிக்ஜாக் லேஸ் வாங்குங்கள், அல்லது துணியைச் சாய்வாக வெட்டிய க்ராஸ் பட்டி வையுங்கள். ரெண்டும் சொன்னபடி கேட்கும். ரிப்பன்தான் வேண்டும் என்றால் சுருக்கிப் பிரில்லாக வைக்கலாம்.

கும்பகோணம் வாசகி: தலையணையைச் சுற்றி ரிப்பன் பிரில் வைக்க ஆசை. எத்தனை மீட்டர் வாங்க வேண்டும்? சுருக்க நூலை இழுக்கும்போது பாதியில் அறுந்து உயிரை வாங்குகிறது.

சுற்றளவைப் போல ரெண்டு மடங்கு. 12 இஞ்சு சதுரத்துக்குச் சுற்றளவு 48, ரெண்டு மடங்கு 96 இஞ்சு. ரெண்டரை மீட்டர் வாங்கினால் இணைப்புக்கும் சேர்த்துச் சரியாக வரும். ஒன்றரை மடங்கிலும் வைக்கலாம், கொஞ்சம் ஏழ்மையாகத் தெரியும். சுருக்காமல், எதிரெதிராகத் தட்டையாக மடித்து வைக்கும் பாக்ஸ் மடிப்பு என்றால் மூன்று மடங்கு ஆகும்.

நூல் அறுவதற்குக் காரணம், ரெண்டரை மீட்டரையும் ஒரே நூலில் இழுப்பது. ரிப்பனை நாலாக மடித்து நாலு இடத்தில் அடையாளம் வையுங்கள். ஒவ்வொரு கால் பாகத்துக்கும் தனித்தனி நூல். மெஷினில் தையல் நீளத்தைக் கடைசி அளவுக்கு வைத்து, ஓரத்தோடு ரெண்டு வரிசை, ரெண்டுக்கும் நடுவே கால் இஞ்சுக்குக் குறைவாக இடைவெளி. இழுப்பது அடிநூலை மட்டும். ஜிக்ஜாக் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். தூண்டில் நரம்பை ரிப்பன் ஓரத்தில் படுக்க வைத்து, ஊசி அதைக் குத்தாமல் அதன்மேல் ஜிக்ஜாக் ஓட்டிவிட்டு நரம்பை இழுங்கள். அறுவதாவது ஒன்றாவது!

அடையாளம் வைத்த நாலு இடமும் தலையணையின் நாலு பக்கத்து நடுவில் வரட்டும், மூலையில் வேண்டாம். மூலைக்குக் கொஞ்சம் கூடுதல் சுருக்கம் தள்ளுங்கள். வெளியே விரிய வேண்டிய இடம் அது. அங்கே கஞ்சத்தனம் செய்தால் தலையணையைத் திருப்பியதும் மூலை உள்ளே மடங்கிக்கொள்ளும். மூலையையே டபரா கவிழ்த்து வளைவாக வரைந்து வெட்டிவிட்டால் பிரில் இன்னும் அழகாகத் திரும்பும்.

வைக்கும் முறை: முன்துணியின் நல்ல பக்கத்தில், ரிப்பனின் சுருக்கிய ஓரம் வெளியே, பிரில் தலையணையின் நடுவைப் பார்த்து. தலைகீழாகத் தோன்றும், அதுதான் சரி. அதன்மேல் பின்துணியை நல்ல பக்கம் உள்ளே வரும்படி கவிழ்த்து, சுற்றிலும் அரை இஞ்சில் தைத்து, கை நுழையும் அளவு இடம் விட்டுத் திருப்புங்கள். தைக்கும்போது பிரில் எங்காவது எதிர்ப்பக்கத் தையலில் மாட்டிக்கொள்ளும். நான்கூட மாட்டியிருக்கிறேன். பிரில்லை உள்பக்கமாகச் சுருட்டி நாலைந்து குண்டூசி குத்தி வைத்துக்கொண்டு தைத்தால் பிழைத்தோம். திருப்பிய பிறகு எடுக்க மறக்கக் கூடாது, எத்தனை குத்தினோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

சேலம் வாசகர்: ரிப்பன் முனை நூல் நூலாகப் பிரிகிறது. மெழுகுவர்த்தியில் காட்டச் சொல்கிறார்கள். காட்டினேன், எரிந்தே போய்விட்டது.

தம்பி, நீங்கள் காட்டியது பருத்தி ரிப்பனாக இருக்கும். பாலியஸ்டரும் நைலானும்தான் தீயில் உருகி முனை அடைபடும். வாங்கியதும் ஒரு துணுக்கை வெட்டி, இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். உருகி, ஆறியதும் கடுகு மாதிரிக் கெட்டியாக உருண்டு நின்றால் பாலியஸ்டர். காகித வாடையோடு எரிந்து சாம்பலானால் பருத்தி. முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் பட்டு. பாலியஸ்டர் என்றாலும் சுடருக்குள் காட்டாதீர்கள். சுடரின் பக்கவாட்டில், தொடாமல், கண் இமைக்கும் நேரம் காட்டினால் போதும். நின்றால் கறுக்கும். உருகிய முனையை விரலால் தொட்டுப் பார்க்கும் புத்தி எல்லோருக்கும் வரும், தொடாதீர்கள், சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு சுடும். பருத்திக்கும் பட்டுக்கும் முனையை மடித்துத் தைப்பதுதான் வழி.

ராமநாதபுரம் வாசகி: மகளுக்குப் பிரசவம் ஆகப்போகிறது. பேரக் குழந்தைக்குக் கடுகுத் தலையணை தைத்து, நாலு மூலையிலும் ரிப்பன் பூ வைக்கலாம் என்றிருக்கிறேன்.

வாழ்த்துகள் அம்மா. தையுங்கள், ஆனால் பூ வேண்டாம். குழந்தையின் கைக்குக் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். தொங்கும் ரிப்பன், பட்டன், மணி எதுவும் ஆகாது. அப்புறம், ஒரு வயது வரை தூங்கும் இடத்தில் தலையணையே வேண்டாம் என்று குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள், மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. நாமெல்லாம் கடுகுத் தலையணையில் வளர்ந்தவர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் டாக்டர் பேச்சைக் கேட்டுவிடுவோம். ஆசைக்கு ஒன்று தைத்துப் பெயர் சூட்டும் நாளில் போட்டோவுக்கு வையுங்கள். பேரன் பேத்தி வளர்ந்து, எதையும் வாயில் போடாத வயது வந்த பிறகு ரிப்பன் பூ என்ன, ரிப்பன் தோட்டமே வைக்கலாம்.

சென்னை வாசகி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகனின் கேள்வி: சென்னையில் இருக்கும் ரிப்பன் மாளிகையில் ரிப்பன் தைப்பார்களா?

தைக்க மாட்டார்கள் கண்ணா. அது மாநகராட்சி அலுவலகம், 1913ல் திறந்த கட்டடம். 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த ரிப்பன் பிரபுவின் பெயர் அது. உன் அக்கா சடையில் கட்டும் ரிப்பனுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை.

தேனி வாசகி: என்னிடம் மெஷின் இல்லை. கையாலேயே ரிப்பன் தைத்தால் நிற்குமா?

தாராளமாக நிற்கும். குட்டித் தலையணைக்குக் கைத்தையல்தான் மெஷினைவிட நன்றாக வரும் என்பது என் கட்சி. மேலே சொன்ன பல், ஃபுட் தகராறு எதுவும் கிடையாது. மெல்லிய ஊசி, ரிப்பன் நிறத்திலேயே நூல், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நீளம், அதற்கு மேல் கோத்தால் சிக்கும். நூலை மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள். ஊசி துணியிலிருந்து ரிப்பன் ஓரத்தின் ரெண்டே ரெண்டு இழையைப் பிடித்து மேலே வரட்டும், நேர் கீழே துணிக்குள் இறங்கி, கால் இஞ்சுக்கும் குறைவாக நகர்ந்து மறுபடி மேலே. நாலு தையலுக்கு ஒரு தடவை, துணியை மேஜையில் தட்டையாக வைத்து உள்ளங்கையால் நீவிவிடுங்கள். மடியில் வைத்துத் தைத்தால் துணி வளைந்து, ரிப்பன் மறுபடி நெளியும்.

உங்கள் ஊர்ப் பக்கம் போடியில் நல்ல இலவம்பஞ்சு கிடைக்கும், அதையே அடையுங்கள். பஞ்சை நேராக உறைக்குள் அடைக்காமல், தனிப் பையில் அடைத்து, ரிப்பன் வைத்த உறையை அதற்குப் போடுங்கள். இலவம்பஞ்சு நனைந்தால் கட்டி கட்டியாகப் பிடித்துக்கொள்ளும், உறையை மட்டும் கழற்றித் துவைக்க வேண்டும். பையைவிட உறை அரை இஞ்சு சின்னதாக இருந்தால் தலையணை புஷ்டியாகத் தெரியும், ரிப்பனும் தொய்யாது.

மதுரை வாசகி: தைத்து முடித்த பிறகு ரிப்பனை இஸ்திரி போடலாமா?

உள்ளூர்க்காரர் என்பதால் என் மானம் போன கதையைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துத் திருமணத்துக்கு மோதிரத் தலையணை தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன். ஆறு இஞ்சு, வெள்ளை பாப்ளின், சுற்றிலும் தந்த நிறச் சாடின் ரிப்பன், நடுவில் மோதிரம் கட்ட மெல்லிய ரிப்பன் ரெண்டு. காலையில் கல்யாணம், ராத்திரி பதினோரு மணிக்கு முடித்தேன். கடைசியாக ஒரு தடவை பெட்டி வைத்துவிடலாம் என்று தோன்றியது. அதற்கு முன் பருத்திச் சேலைக்குப் போட்ட சூட்டிலேயே பெட்டி இருந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு மூலையில் வைத்தேன், எடுத்தேன். ரிப்பன் பெட்டியோடு வந்தது. நகம் அகலத்துக்குப் பளபளவென்று உருகி, ஓரம் பழுப்பாக நின்றது.

கடை திறக்க விடியணும், பூசைக்கோ ஏழு மணி. மீந்தது ஒரு முழ ரிப்பன். உருகிய இடத்தை அப்படியே விட்டு, அதன்மேல் ரெட்டை வளையமாக ஒரு 'போ' முடிச்சு கட்டித் தைத்தேன். எதிர் மூலையிலும் ஒன்று வைக்கலாம் என்றால் ரிப்பன் பத்தவில்லை.

ஆக, போடலாம். பெட்டியைச் சிந்தெடிக் அளவுக்குக் குறைத்து, ரிப்பன் மேல் ஒரு கைக்குட்டை விரித்து, பின்பக்கமாகப் போடுங்கள். அந்தக் கல்யாண ஆல்பம் இப்போதும் அவர்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. மோதிரம் மாற்றும் படத்தில் தலையணையின் வலது மூலையில் மட்டும் அந்த முடிச்சு தெரியும். 'அந்த டிசைன் எவ்வளவு புதுசா இருந்துச்சு டீச்சர்' என்று அந்தப் பெண்ணின் அம்மா இன்றைக்கும் சொல்வார். நானும் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.